புத்தகத்தை மூடிய பிறகு

(சி.ஏ. பயிலும் மாணவர்களுக்காக நடைபெற்ற ஆண்டு அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெள்ளைத் தாள் கொடுத்திருப்பார்கள். இப்போது அதில் ஒன்றும் எழுத வேண்டாம். சொல்வதைக் கேட்டால் போதும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 141ஆம் பிரிவு, ஒரு கம்பெனிக்கு யார் தணிக்கையாளராக இருக்கக் கூடாது என்பதைச் சொல்கிறது. அந்தப் பிரிவிலிருந்தும் அதற்கான விதிகளிலிருந்தும் ஐந்து செய்திகள். தணிக்கையாளர் தம் பெயரில் அந்தக் கம்பெனியின் பங்கு ஒன்றுகூட வைத்திருக்கக் கூடாது. அவருடைய உறவினர் வைத்திருக்கலாம், ஆனால் முகமதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. அவரோ உறவினரோ கூட்டாளியோ கம்பெனிக்கு 5 லட்சத்துக்கு மேல் கடன்பட்டிருக்கக் கூடாது. கம்பெனிக்கு வேறொருவர் தர வேண்டிய கடனுக்கு 1 லட்சத்துக்கு மேல் ஜாமீன் நின்றிருக்கக் கூடாது. 20 கம்பெனிகளுக்கு மேல் தணிக்கையாளராக இருக்கக் கூடாது. இந்த எண்ணிக்கையில் சேராத கம்பெனிகளும் உண்டு, அந்த விவரம் இன்றைக்கு வேண்டாம்.

இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு இது பழைய பாடம். இண்டர் படிக்கும்போதே பார்த்திருப்பீர்கள். அப்படியே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருகிறேன்.

யாருடைய நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ அந்தப் பெரியவர் தம் அலுவலக மாடியை இரவில் ஆர்டிக்கிள் பயிற்சி மாணவர்கள் படிப்பதற்காகத் திறந்து வைத்தவர். படிப்பதற்கு இடம் இல்லாத பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தார். இடம் கிடைத்த பிறகு அந்த மேசையில் உட்கார்ந்து என்ன செய்வது என்பதைப் பற்றிப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆர்டிக்கிள்களோடு வேலை செய்திருக்கிறேன். சோம்பேறித்தனத்தால் தோற்றவர்களை மிகக் குறைவாகத்தான் பார்த்தேன். கடுமையாக உழைத்து, தவறான முறையில் உழைத்து, தோற்றவர்களே அதிகம். அவர்களில் நானும் ஒருவன்.

சி.ஏ. இறுதித் தேர்வின் முதல் குரூப்பை நான் மூன்றாம் முறைதான் தேறினேன். விதி உங்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு தாளிலும் 40, குரூப் மொத்தத்தில் பாதி. முதல் முறை ஒரு தாளில் 34. இரண்டாம் முறை எல்லாத் தாளிலும் 40ஐத் தாண்டினேன், அக்ரிகேட் வரவில்லை. இரண்டு முறையும் ஸ்டடி லீவில் ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் உட்கார்ந்தவன் நான். மூன்று நிறப் பென்சில் வைத்திருந்தேன். பிரிவு எண்ணுக்குச் சிவப்பு, வழக்குப் பெயருக்கு நீலம், விதிவிலக்குக்குப் பச்சை. என் புத்தகத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் இந்தப் பையன் பாஸ் என்றார்கள். எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. பக்கத்தைப் புரட்டினால் அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது, எந்த மூலையில் இருக்கிறது என்பதுவரை தெரியும்.

நான் பயிற்சி பெற்ற அலுவலகத்தில் கணக்கு வேலைகளைக் கவனித்த பெரியவர் ஒருவர் இருந்தார். மேனேஜர் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் சி.ஏ. இல்லை. இரண்டாவது மார்க் ஷீட் வந்த வாரம், எல்லாரும் கிளம்பிய பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். பழைய கம்ப்யூட்டேஷன் தாள் ஒன்றின் பின்பக்கத்தை என் பக்கம் தள்ளினார். "தம்பி, நேத்து ராத்திரி என்ன படிச்சே? புக்கை எடுக்காம அதை இதுல எழுது." முந்தின இரவு நான்கு மணி நேரம் ஓர் அத்தியாயம் படித்திருந்தேன். எழுத உட்கார்ந்தால் நான்கு வரி வந்தது. ஐந்தாவது வரிக்கு, பச்சைக் கோடு போட்ட இடம் கண்ணில் தெரிந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்பது வரவில்லை. அவர் அந்த நான்கு வரியையும் நிதானமாகப் படித்தார். "இதுதாம்ப்பா நீ படிச்சது. மீதியெல்லாம் நீ பார்த்தது" என்றார்.

இத்தனை ஆண்டுகளில் படிப்பைப் பற்றி நான் கற்றுக்கொண்டது எல்லாம் அந்த இரண்டு வாக்கியத்தில் இருந்து கிளைத்ததுதான். கண்ணுக்குப் பழகுவது வேறு. கேட்டபோது மனத்திலிருந்து எடுத்துத் தர முடிவது வேறு. பக்கம் பழகிவிட்டால் தெரிந்துவிட்டதாக ஒரு நிறைவு வரும். அந்த நிறைவுதான் நம்மை ஏமாற்றுகிறது.

அவருக்கு அனுபவத்தில் தெரிந்ததை ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தவர்களும் உண்டு. 2006இல் அமெரிக்காவில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் சிறிய உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு வேளையும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு வேளை மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று வேளையும் புத்தகம் இல்லாமல் நினைவில் உள்ளதை எழுதியது. முதல் குழு அந்தப் பகுதியைச் சராசரியாகப் பதினான்கு முறைக்கு மேல் படித்திருந்தது. இரண்டாவது குழு மூன்று நான்கு முறைதான். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்த குழு 83 விழுக்காடு நினைவு வைத்திருந்தது, எழுதிய குழு 71. இதோடு நிறுத்தியிருந்தால் படிப்பதே மேல் என்றுதான் முடிவு வந்திருக்கும். ஒரு வாரம் கழித்துச் சோதித்தார்கள். படித்த குழு 40க்கு இறங்கியிருந்தது. எழுதிய குழு 61இல் நின்றது.

இந்த ஆய்வில் என்னை மிகவும் தொட்டது வேறொரு செய்தி. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று மாணவர்களையே கேட்டிருக்கிறார்கள். அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள், படித்துக்கொண்டே இருந்த குழுவினர். நான் மூன்று நிறப் பென்சிலோடு உட்கார்ந்திருந்தபோது எனக்கு இருந்ததும் அதே நம்பிக்கை. எழுதிப் பார்ப்பவனுக்கு ஒவ்வொரு முறையும் தன் ஓட்டை தெரிகிறது. அவன் கலங்குகிறான், தனக்குப் படிப்பு வரவில்லை என்று நினைக்கிறான். இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களில் யாருக்காவது அப்படிக் கலக்கம் இருந்தால், தயவுசெய்து அந்த முறையை விட்டுவிடாதீர்கள். நீங்கள் சரியான வழியில் இருக்கிறீர்கள்.

நம் மரபுக்கு இது புதிதில்லை. பாடம் படிப்பது என்ற சொல்லோடு கூடவே பாடம் ஒப்பிப்பது என்ற சொல்லும் நம்மிடம் இருந்தது. திண்ணைப் பள்ளியில் ஏட்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் சட்டாம்பிள்ளை முன்னால் நிற்க வேண்டும். நன்னூலின் பொதுப்பாயிரம் மாணவன் எப்படிக் கற்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில், கேட்டதைத் திரும்ப எண்ணிப் பார்ப்பதையும், கேள்வி கேட்பதையும், பிறர் கேட்ட கேள்விக்கு விடை சொல்வதையும் சேர்த்தே வைக்கிறது. ஒரு பங்கீடும் செய்கிறது: ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் தேறும், உடன் பயில்பவரோடு சேர்ந்து பயின்றால் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரை. கணக்கு எழுதுகிற என்னைப் போன்றவனுக்கு அந்தப் பங்கீடு மிகவும் பிடிக்கும். கோச்சிங் வகுப்பில் கிடைப்பது கால் பங்கு. அந்தக் காலை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது இல்லாமல் மீதி வராது. ஆனால் ஒரே பாடத்துக்கு இரண்டு ஆசிரியர்களின் வீடியோவை வாங்கிப் பார்க்கிற பிள்ளைகளைக் காணும்போது, அதே காலை இரண்டு முறை பணம் கொடுத்து வாங்குகிறார்களே என்று மனம் வருந்துகிறது.

ஒப்பிப்பதும் உருப்போடுவதும் ஒன்றில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உருப்போட்டது வரிசையில்தான் வரும். வாய்ப்பாட்டில் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஓரேழு ஏழு என்று தொடங்கிய குழந்தைகளைப் பார்த்திருப்பீர்கள். தேர்வுக் கேள்வி நடுவிலிருந்து தொடங்கும். இண்ட் ஏஎஸ் 115இன் ஐந்து படிகளையும் ஒரே மூச்சில் சொல்கிற பையனிடம், ஒரு லிஃப்ட் கம்பெனி லிஃப்டை விற்று மூன்று வருடப் பராமரிப்பையும் சேர்த்து ஒரே விலை வாங்கினால் வருமானத்தை எப்போது, எவ்வளவு காட்டுவாய் என்று கேளுங்கள். ஐந்து படியில் எந்தப் படியில் அவன் நிற்க வேண்டும் என்பதுதான் அங்கே கேள்வி. லிஃப்டும் பராமரிப்பும் தனித்தனிக் கடமைகளா, ஒரே விலையை இரண்டுக்கும் எப்படிப் பிரிப்பது என்று அவன் யோசிக்கத் தொடங்கினால் படித்திருக்கிறான். ஆகவே புத்தகத்தை மூடிவிட்டு எழுதும்போது வரிகளை எழுதாதீர்கள். கேள்வி ஒன்றுக்கு விடை எழுதுங்கள்.

கேள்விக்குப் பஞ்சமில்லை. இன்ஸ்டிட்யூட்டே ஆர்டிபி தருகிறது, எம்டிபி தருகிறது, பழைய தேர்வுகளின் சஜஸ்டட் ஆன்சரும் தருகிறது. ஆனால் நம் பிள்ளைகள் சஜஸ்டட் ஆன்சரைக் கதைப் புத்தகம்போலப் படிக்கிறார்கள். கேள்வியைப் பார்க்கிறார்கள், உடனே கண் கீழே போகிறது, ஆமாம் இதுதான் என்று தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். விடையைப் பார்த்துத் தலையாட்டுவது எவருக்கும் எளிது. ஒரு தாளால் விடையை மறையுங்கள். எழுதுங்கள். அரைகுறையாக இருந்தாலும் முடித்துவிட்டு, பிறகு தாளை விலக்கி, சிவப்பு மையால் உங்கள் விடையைத் திருத்துங்கள். அந்தச் சிவப்பு மைப் பகுதிதான் நாளைக்கு நீங்கள் படிக்க வேண்டியது. வேறு நோட்ஸ் தேவையில்லை.

சீனியரிடமிருந்து கைமாறி வரும் நோட்ஸைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நம் பாடம் மாறிக்கொண்டே இருப்பது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்களை இரண்டு மூன்று தலைமுறை ஆடிட்டர்கள் மனப்பாடமாக வைத்திருந்தோம். அதன் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வருகிறது. எந்தச் சட்டம், எந்தத் தேதிவரையிலான திருத்தம் உங்கள் அட்டெம்ப்ட்டுக்குப் பொருந்தும் என்பதை இன்ஸ்டிட்யூட் அறிவிப்பில் முதல் நாளே பாருங்கள். மறப்பதைவிடக் கடினமான வேலை, தவறாகப் பதிந்ததை அழிப்பது.

மறதியைப் பற்றிப் பேசுவோம். 1885இல் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பொருளில்லாத அசைகளைப் பட்டியல் போட்டு, தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே அளந்தவர். பெரிய சரிவு முதல் ஒரு மணி நேரத்திலேயே வந்துவிடுகிறது, அதன் பிறகு மறதி மெதுவாக நடக்கிறது என்பது அவருடைய முதல் கண்டுபிடிப்பு. நமக்கு வேண்டியது இன்னொன்று. ஒரு பட்டியலை ஒரே நாளில் 68 முறை சொல்லிப் பெற்ற பயனை, மூன்று நாளில் பிரித்து 38 முறை சொல்லியே அவர் பெற்றார். உழைப்பில் ஏறத்தாழப் பாதி மிச்சம், இடைவெளி விட்டதனால் மட்டும்.

இப்போது அந்தத் தாளை எடுங்கள். 141ஆம் பிரிவைப் பற்றி நான் முதலில் சொன்ன ஐந்து செய்திகளையும் எழுதுங்கள். பக்கத்தில் பார்க்க வேண்டாம், போனை எடுக்க வேண்டாம். ஒரு நிமிடம் நான் பேசாமல் இருக்கிறேன்.

(ஒரு நிமிட இடைவெளி)

ஐந்தும் எழுதியவர்கள் கை தூக்குங்கள். சில கைகள்தான் தெரிகின்றன. சொல்லிக் கால் மணி நேரம்தான் ஆகியிருக்கும். எண்கள் இடம் மாறியிருக்கும்: கடனுக்கு 1 லட்சம், ஜாமீனுக்கு 5 லட்சம் என்று சிலர் எழுதியிருப்பீர்கள். சரியானது: தமக்குப் பங்கே கூடாது, உறவினருக்கு முகமதிப்பில் 1 லட்சம், கடன் 5 லட்சம், ஜாமீன் 1 லட்சம், கம்பெனிகள் 20. தவறாக எழுதியவர்கள் அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியாக எழுதுங்கள். வெறுமனே கேட்டவர்களைவிட, தவறாக எழுதித் திருத்தியவர்களுக்கு இது நாளைக்கும் நினைவிருக்கும்.

இடைவெளி விட்டுப் படிப்பது ஆர்டிக்கிள் மாணவர்களுக்கு எப்படி முடியும் என்று கேட்பீர்கள். 2023இல் வந்த புதிய திட்டத்தில் பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டு. அந்த இரண்டு ஆண்டும் வேலை, கடைசியில் ஸ்டடி லீவு, அதில் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்துவிடலாம் என்பதுதான் வழக்கமான கணக்கு. அந்தக் கணக்கில் நான் இரண்டு முறை தோற்றிருக்கிறேன். ஸ்டடி லீவு ரிவிஷனுக்கு உரியது. புதிதாகப் படிக்கத் தொடங்கினால், மூன்றாவது தாளுக்கு வரும்போது முதல் தாள் போய்விட்டிருக்கும்.

நான் ஆர்டிக்கிள்களுக்குச் சொல்வது இது. செங்கல்பட்டிலிருந்தோ தாம்பரத்திலிருந்தோ ரயிலில் வருகிறீர்கள். வரும்போது புதிதாக எதையும் படிக்க வேண்டாம். முந்தின இரவு படித்ததிலிருந்து மூன்று கேள்வியை மட்டும் நினைவிலிருந்து எடுத்துப் பாருங்கள். ஒரு டைரியில், இன்று படித்த தலைப்பை மூன்றாம் நாள் பக்கத்திலும், பத்தாம் நாள் பக்கத்திலும், ஒரு மாதம் கழித்து வரும் பக்கத்திலும் எழுதிவையுங்கள். அந்த நாள் வரும்போது தலைப்பைப் பார்த்து, புத்தகத்தைத் திறக்குமுன் எழுதிப் பாருங்கள். வந்தால் அடுத்த இடைவெளியைக் கூட்டுங்கள். வராவிட்டால் மறுநாள் பக்கத்துக்கு மாற்றுங்கள். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர் 1970களில் அட்டைகளையும் அறை பிரித்த பெட்டியையும் வைத்து இதையே செய்யச் சொன்னார். பிரிவு எண், வரம்புத் தொகை, கெடுத் தேதி போன்றவற்றுக்கு அட்டை நல்லது. பழைய விசிட்டிங் கார்டுகளின் பின்பக்கம் போதும், எந்த ஆடிட்டர் அலுவலகத்திலும் அவை குவிந்து கிடக்கும்.

இனி நான் மிக முக்கியமானதாகக் கருதும் பகுதிக்கு வருகிறேன். நாம் அத்தியாயம் அத்தியாயமாகப் படிக்கிறோம், அத்தியாயத்தின் கடைசியில் உள்ள கணக்குகளைப் போடுகிறோம். அந்தப் பத்துக் கணக்கும் அந்த அத்தியாயத்தைச் சேர்ந்தவை என்பது முன்பே தெரியும். எந்த விதியைப் பயன்படுத்துவது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. தேர்விலோ, கேள்வியின் நெற்றியில் அத்தியாயத்தின் பெயர் இருக்காது.

ஆடிட் தாளையே எடுத்துக்கொள்வோம். நான்கு கம்பெனிகள். முதலாவதில் சரக்கிருப்பைத் தவறாக மதிப்பிட்டிருக்கிறார்கள், திருத்த மறுக்கிறார்கள். தொகை பெரிது, ஆனால் கணக்கின் மற்றப் பகுதிகளுக்குப் பரவவில்லை. இரண்டாவதில் தீ விபத்து. பெரும்பாலான கணக்குகளுக்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை, மாற்று வழியும் இல்லை. மூன்றாவதில் முடிவு தெரியாத பெரிய வழக்கு ஒன்று நிலுவையில் இருக்கிறது. நிர்வாகம் அதைக் குறிப்பில் முறையாகச் சொல்லிவிட்டது. நான்காவதில் வங்கிக் கடனைக் கட்ட முடியாமல் தொழில் தொடருமா என்பதே ஐயம். அதையும் முறையாக வெளியிட்டிருக்கிறார்கள். முதலாவதற்கு எஸ்ஏ 705இன்படி குவாலிஃபைட் ஒப்பீனியன். இரண்டாவதற்கு அதே 705இல் டிஸ்க்ளெய்மர். மூன்றாவதற்கு எஸ்ஏ 706இன்படி எம்ஃபசிஸ் ஆஃப் மேட்டர், கருத்து மாறாது. நான்காவதற்கும் கருத்து மாறாது, ஆனால் எஸ்ஏ 570இன்படி கோயிங் கன்சர்ன் பற்றித் தனித் தலைப்பில் சொல்ல வேண்டும். மூன்றாவதையும் நான்காவதையும் குழப்புகிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? அவர்களுக்கு 570 தெரியும், 706உம் தெரியும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வேறுபாடு பார்த்ததில்லை, அவ்வளவுதான். 570ஐ ஜூன் மாதம் படித்தார்கள், 706ஐ ஆகஸ்டில் படித்தார்கள்.

கலந்து பயில்வதன் பலனையும் அளந்திருக்கிறார்கள். 2007இல் வெளிவந்த டக் ரோரர், கெல்லி டெய்லர் ஆய்வில் மாணவர்கள் நான்கு வகைத் திண்ம உருவங்களின் கன அளவு காணப் பழகினார்கள். வகை வகையாகப் பிரித்துப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் பிரித்துப் போட்டவர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63. பயிற்சி நாளில் கிடைக்கும் மதிப்பெண்ணை வைத்து உங்களை எடைபோடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஓர் அத்தியாயம் முடிந்ததும் அதன் கேள்விகளில் பாதியைத் தொடாமல் விட்டுவையுங்கள். நான்கைந்து அத்தியாயம் சேர்ந்த பிறகு, மீதியிருக்கும் கேள்விகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்துப் போடுங்கள். முதல் வாரம் மனம் வெறுத்துப்போகும். அதற்குப் பிறகு உங்கள் கண்ணே கேள்வியில் எந்தச் சொல் திருப்பம் என்று தேடத் தொடங்கிவிடும்.

தேர்வுக் கூடத்துக்கு வருவோம். பிற்பகல் 1.45க்குக் கேள்வித்தாள், 2 மணிக்கு எழுதத் தொடங்கலாம், 5 மணிக்கு முடிவு. 100 மதிப்பெண், 180 நிமிடம். ஒரு மதிப்பெண்ணுக்கு 1 நிமிடம் 48 விநாடி. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஒன்பது நிமிடம். இந்த ஒன்பது நிமிடம் எவ்வளவு நீளம் என்பது உங்கள் கைக்குத் தெரிய வேண்டும், கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. இரவு பன்னிரண்டு மணிக்குச் சுறுசுறுப்பாகப் படிக்கப் பழகியவர்கள், சாப்பிட்ட பிறகு வரும் இரண்டு மணியில் தலை மந்தமாகி உட்கார்வதைக் கண்டிருக்கிறேன். கடைசி ஆறு வாரம் ஞாயிறுதோறும் 2 மணியிலிருந்து 5 மணிவரை, முழுத் தாள், இடையில் எழுந்திருக்காமல் எழுதுங்கள். இறுதித் தேர்வின் ஆறாவது தாளுக்குப் புத்தகம் கொண்டுபோகலாம் என்பதால் சிலர் அதை லேசாக விடுகிறார்கள். நான்கு மணி நேரத் தாள் அது. தேடவேண்டிய இடம் தெரியாதவருக்கு அந்தப் புத்தகம் மேசையில் ஒரு சுமை, அவ்வளவே.

விடையின் அமைப்பு நம் தொழிலின் அமைப்பேதான். சட்டம் என்ன சொல்கிறது, இந்த வழக்கில் நடந்தது என்ன, ஆகவே முடிவு என்ன. முதல் பகுதியை எல்லாரும் எழுதுவார்கள். இரண்டாவதைப் பாதிப் பேர் எழுதுவதில்லை. விதியை விரிவாக எழுதிவிட்டு, எனவே அவர் செய்தது தவறு என்று தாவிவிடுகிறார்கள். கட்சிக்காரர் நம் எதிரில் உட்கார்ந்து தம் கதையைச் சொல்லும்போது, அவர் கதையைக் காதில் வாங்காமல் பிரிவை மட்டும் ஒப்பிப்போமா? கேள்வியில் வரும் தேதியும் தொகையும் உறவு முறையும் உங்கள் விடையின் நடுப்பகுதியில் வந்தாக வேண்டும்.

தமிழ்வழியில் படித்து இந்தத் தேர்வுக்கு வந்திருக்கும் பிள்ளைகளிடம் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் பட்டுக்கோட்டையிலிருந்தோ விளாத்திகுளத்திலிருந்தோ வந்திருக்கலாம். இந்தத் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும், தமிழில் எழுத முடியாது. இது உங்கள் மேல் ஏற்றப்பட்ட கூடுதல் சுமை என்பதை நான் மறைக்கப் போவதில்லை. அது எனக்கு வருத்தம்தான். அறிவு இருந்தும் ஆங்கில வாக்கியம் வராததால் 38இல் நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கு நான் சொன்ன வழி இது. தமிழிலேயே புரிந்துகொள்ளுங்கள், தமிழிலேயே அறை நண்பருக்கு விளக்குங்கள். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்குப் புரியும்படி டெஃபர்டு டாக்ஸைச் சொல்ல முடிந்தால் உங்களுக்கு அது புரிந்துவிட்டது. அதன் பிறகு ஆங்கிலத்தில் நாளைக்கு ஒரு விடை, ஒரு பக்கத்துக்குள், சிறு சிறு வாக்கியங்களாக எழுதுங்கள். நீண்ட வாக்கியம் வேண்டாம். சட்டச் சொல் மட்டும் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கட்டும். ஆறு மாதத்தில் நூற்றெண்பது விடை எழுதியிருப்பீர்கள். தொழிலுக்கு வேண்டிய ஆங்கிலம் அதற்குள் வந்துவிடும். மொழி வகுப்புக்குப் போக நேரமில்லாதவர்கள் இதைச் செய்து தேறியிருக்கிறார்கள்.

குடும்பப் பொறுப்போடு படிக்கும் பெண்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். தளரும்போது ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் ஆர். சிவபோகம் நம் சென்னையைச் சேர்ந்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1933இல் அன்றைய அரசுக் கணக்கியல் டிப்ளமோ தேர்வில் தேறினார். சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவுசெய்ய முடியாது என்று தடை குறுக்கே வந்தபோது வழக்காடி வென்று, 1937இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பின்னாளில் நம் இன்ஸ்டிட்யூட்டின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். அவர் படித்த காலத்தில் ஆர்டிபி இல்லை, கோச்சிங் இல்லை, பெண்ணைப் பயிற்சிக்கு எடுக்கும் அலுவலகமே அரிது.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படித்த பிறகு தூங்கினால் மறதி குறைகிறது என்பதை 1924இலேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் காட்டிவிட்டார்கள். தேர்வுக்கு முந்தின இரவு விழித்திருந்து நீங்கள் சேர்ப்பதைவிட இழப்பது அதிகம்.

தோற்றவர்களுக்கு ஒன்று. மார்க் ஷீட்டைப் பார்த்து அழுதுவிட்டு, மறுநாள் அதே புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திறக்காதீர்கள். உங்கள் விடைத்தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தாம் எழுதிய விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தேர்வெழுதியவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. என் காலத்தில் அந்த வாய்ப்பு இல்லை. மதிப்பெண் எங்கே போயிற்று என்று தெரியாமலேயே மறுபடி எழுதினேன். சென்ற ஆண்டு என் அலுவலகப் பெண் ஒருத்தி, இறுதித் தேர்வில் நான்கு மதிப்பெண்ணில் அக்ரிகேட்டைத் தவறவிட்டவள், தன் நகலோடு வந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தோம். மூன்று கேள்வியில் விதியைப் பிழையில்லாமல் எழுதியிருந்தாள். மூன்றிலும் கேள்வியில் கொடுத்திருந்த கம்பெனியின் பெயரோ தொகையோ ஓரிடத்தில்கூட வரவில்லை. "சார், இதெல்லாம் எனக்குத் தெரியுமே சார்" என்றாள். தெரியும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. அவளிடம் ஒரு பேனாவைக் கொடுத்து, விட்டுப்போன வாக்கியங்களை அந்த நகலின் ஓரத்திலேயே எழுதச் சொன்னேன். மூன்றுக்கும் சேர்த்துப் பதினோரு நிமிடம் ஆயிற்று. அடுத்த அட்டெம்ப்ட்டுக்கு அவள் வேறு எதையும் புதிதாகப் படிக்கவில்லை. எழுதினாள், தேறினாள்.

உங்கள் தாளைக் கடைசியாக ஒரு முறை எடுங்கள். பின்பக்கம் திருப்புங்கள். முன்பக்கத்தில் எழுதியதைப் பார்க்க வேண்டாம். கேள்வி இது: ஒரு கம்பெனியின் தணிக்கையாளராக ஒருவரை நியமிக்க இருக்கிறார்கள். அவருடைய தம்பி பெயரில் அந்தக் கம்பெனியின் பங்குகள் உள்ளன. முகமதிப்பு 90,000 ரூபாய், இன்றைய சந்தை விலை 7 லட்சம். அவருடைய மனைவி அந்தக் கம்பெனிக்கு 4 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் கடன்பட்டிருக்கிறார். அவரை நியமிக்கலாமா? விதி, நடந்தது, முடிவு என்று மூன்றும் வர வேண்டும். ஐந்து மதிப்பெண். உங்களுக்கு ஒன்பது நிமிடம் இருக்கிறது.